கல்லை எறியாமல் மண்ணை அளந்தது

மதுரை மாவட்டம் எழுமலைக்கு மேற்கே தெரியும் மலைத்தொடரின் அடிவாரத்தில் ஒரு மேய்ச்சல் புறம்போக்கு இருக்கிறது. அதில் கொழுக்கட்டைப்புல் விதைக்க அந்த ஊர் மாடு வளர்ப்போர் குழு பண உதவி கேட்டிருந்தது. உதவி தருபவர்களோ, மண் எந்த வகையைச் சேர்ந்தது, அதில் கரிமம் எவ்வளவு இருக்கிறது என்று எழுதித் தரச் சொன்னார்கள். வேளாண்மை படித்தவன் என்ற ஒரே காரணத்தால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. வயல் மண்ணுக்கு இது பழகிய வேலை. கடப்பாரை போட்டால் தீப்பொறி பறக்கும் சரிவுக்கு அப்படி இல்லை. அங்கே என்ன செய்தேன், எந்த இடத்தில் கணக்கு தடம் புரளும் என்பதை எழுதி வைத்தால் இதே வேலையில் இறங்குபவர்களுக்கு உதவும்.

அனுமதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காப்புக்காட்டு எல்லைக்குள் குழி தோண்ட வனத்துறையின் அனுமதி வேண்டும். ஆகவே வருவாய்த்துறை நிலத்தோடு நின்றுகொண்டேன். கிராம நிர்வாக அலுவலரிடம் புல எண்ணைச் சரிபார்த்து, ஊராட்சியில் எழுதிக் கொடுத்த பிறகுதான் கடப்பாரையை எடுத்தோம்.

மதுரை வட்டாரத்துக் குன்றுகள் நைஸ், சார்னோகைட், குவார்ட்சைட் போன்ற மிகப் பழைய பாறைகளால் ஆனவை. பாறை மக்கும்போது அதிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற தாது களியாக மாறுகிறது. குவார்ட்ஸ் என்ற கடினத் தாது அசைந்து கொடுப்பதில்லை. பாறைக்குள் நரம்பாக ஓடிய குவார்ட்ஸ்தான் உடைந்து வெங்கச்சங்கல்லாகச் சரிவெங்கும் கிடக்கிறது. நுண்ணிய மண்ணை மழை கீழே இழுத்துக்கொண்டு போய்விடும். சரளை மேலே தங்கிவிடும். கோடையில் கம்மாயில் வண்டல் அள்ள டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும்போதெல்லாம், அதில் ஒரு பங்கு இந்தச் சரிவுகளின் சொத்து என்று எனக்குத் தோன்றும்.

எங்களோடு வந்த கிடைமாட்டுக்காரர் எழுபதைத் தாண்டியவர். உசில மரத்தடியில் உட்கார்ந்து நான் கருவிகளைப் பரப்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "தம்பி, முதல் மழைக்கு இந்தக் கல்லுக்காட்டில்தான் புல் முதலில் எட்டிப்பார்க்கும். முதலில் காய்வதும் இங்கேதான். இதற்கு உங்கள் படிப்பில் காரணம் இருக்கிறதா?" என்று கேட்டார். இருக்கும் என்று நினைக்கிறேன் ஐயா, அளந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

மேல்சரிவில் ஒன்று, அடிச்சரிவில் ஒன்று எனக் குழிகளுக்கு இடம் குறித்தோம். மேல்சரிவில் 32 செ.மீ. ஆழத்தில் கடப்பாரை நின்றுவிட்டது. நின்றுவிட்டது என்று மட்டும் எழுதினால் போதாது. அடியில் இருப்பது கெட்டிப்பாறையா, மக்கிய பாறையா என்பதைப் பொறுத்து மண்ணின் பெயரே மாறிவிடும். மண்வெட்டியால் கொத்தி எடுக்க முடிந்தால் அது மக்கிய பாறை. கொத்த முடியாமல், விரிசல்களும் பத்து செ.மீ.க்குக் குறையாத இடைவெளியில் இருந்தால் கெட்டிப்பாறை. குழியின் அடியைத் துடைப்பத்தால் பெருக்கி, தண்ணீர் ஊற்றிக் கழுவிப் பார்த்தோம். கெட்டிப்பாறைதான்.

அடுத்து வந்ததுதான் முக்கியமான வேலை. மண் அறிவியலில் 2 மி.மீ. சல்லடையில் இறங்குவதற்கு மட்டுமே நுண்மண் என்று பெயர். 2 முதல் 75 மி.மீ. வரை சரளை, 250 வரை உருள்கல், 600 வரை பெருங்கல், அதற்கு மேல் குண்டுப்பாறை. மண்ணின் மொத்தக் கன அளவில் கல் 15 முதல் 35 சதவீதம் இருந்தால் சரளை மண், 35 முதல் 60 வரை மிகுசரளை மண். இவையெல்லாம் கன அளவுச் சதவீதங்கள், எடைச் சதவீதங்கள் அல்ல. குழிச்சுவரைக் கண்ணால் பார்த்து மதிப்பிடும் வழக்கமும் உண்டு. ஆனால் வெங்கச்சங்கல் வெள்ளையாக மின்னுவதால் கண்ணுக்கு அது எப்போதும் கூடுதலாகவே படுகிறது. என் கண்ணை நான் நம்பவில்லை.

குழியின் ஓரத்தில் மண்ணை மட்டப்படுத்தி, சிறு பள்ளம் ஒன்று தோண்டி, எடுத்த எல்லாவற்றையும் ஒரு சிட்டிகை விடாமல் சாக்கில் கட்டினோம். பள்ளத்தில் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினோம். தாள் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நல்லது. கல்லின் முண்டுகளில் அது படிந்து உட்கார வேண்டும். பள்ளம் பத்து லிட்டர் கொண்டது. சாக்கில் இருந்ததை உலர்த்தி எடை போட்டால் 19 கிலோ. சலித்த பின் கல் 10.6 கிலோ, நுண்மண் 8.4 கிலோ. எடைப்படி பாதிக்கு மேல் கல். குவார்ட்ஸின் அடர்த்தியான 2.65ஆல் வகுத்தால் கல் அடைத்துக்கொண்ட இடம் நான்கு லிட்டர், அதாவது 40 சதவீதம். மீதி ஆறு லிட்டரில் 8.4 கிலோ நுண்மண். அதன் அடர்த்தி கன செ.மீ.க்கு 1.4 கிராம்.

சலிக்கும்போது ஒரு தொல்லை உண்டு. கல் போலத் தோன்றும் எல்லாம் கல் இல்லை. மக்கிய பாறைத் துண்டுகள் விரல் அழுத்தத்திலேயே பொடியாகும். அவற்றைக் கல் கணக்கில் சேர்த்தால் மண்ணை ஏழையாக்கிவிடுவோம். இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் கையால் நசுக்கி, நொறுங்காததை மட்டுமே கல் என்று எடுத்துக்கொண்டேன். பொறுமையைச் சோதிக்கும் வேலை.

இனி ஆய்வகம். நான் அணுகிய இடத்தில் "கல்லெல்லாம் பொறுக்கிப் போட்டுவிட்டு, நன்றாகச் சலித்த மண்ணாக அரைக்கிலோ கொண்டுவாருங்கள்" என்றார்கள். விண்ணப்பத் தாளில் கல்லுக்கு என்று ஒரு கட்டம்கூட இல்லை. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நெல் வயலையும் தென்னந்தோப்பையும் மனத்தில் வைத்துச் செய்த தாள் அது. ஆய்வும் ஒழுங்காகத்தான் நடந்தது: அங்ககக் கரிமம் 0.9 சதவீதம் என்று வந்தது. செவ்வல் நிலத்துக்கு இது நல்ல எண். குழுவினர் மகிழ்ந்துவிட்டார்கள். ஆனால் அந்த 0.9, சல்லடையில் இறங்கிய மண்ணுக்கு மட்டுமே உரியது.

ஒரு ஹெக்டேரில் எத்தனை டன் கரிமம் என்று காணக் கரிமச் சதவீதத்தையும் அடர்த்தியையும் செ.மீ. ஆழத்தையும் பெருக்குவார்கள். வழக்கமான 30 செ.மீ. ஆழத்துக்குக் கல்லையே மறந்து கணக்கிட்டால் 38 டன் வருகிறது. கல்லோடு சேர்ந்த மொத்த அடர்த்தியான 1.9ஐப் போட்டுவிட்டால் 51 டன். முதல் கணக்கிலிருந்து கல் அடைத்த 40 சதவீத இடத்தைக் கழித்தால் 23 டன்தான். ஒரே நிலம், ஒரே ஆய்வக முடிவு, மூன்று விடைகள். மலைச்சரிவுகளின் கரிமக் கணக்கு எதையாவது யாராவது நீட்டினால், கல்லை எப்படிக் கழித்தீர்கள் என்பதுதான் இப்போது என் முதல் கேள்வி. பதில் தடுமாறினால் அடுத்த பக்கத்தைப் புரட்டுவதில்லை.

தண்ணீருக்கும் இதே கழித்தல்தான். இந்த நுண்மண் தன் கன அளவில் சுமார் 12 சதவீத நீரைச் செடிக்குக் கொடுக்க வல்லது என்று வைத்துக்கொண்டால், 32 செ.மீ. ஆழத்துக்கு 38 மி.மீ. இருக்க வேண்டும். கல்லைக் கழித்தால் 23 மி.மீ. நாளொன்றுக்கு 5 மி.மீ. ஆவியாகும் காலத்தில் அது ஐந்து நாள் கூடத் தாங்காது. கிடைக்காரர் சொன்ன "முதலில் காய்வதும் இங்கேதான்" இதுதான். முதலில் முளைப்பதற்கும் காரணம் கல்லே. காய்ந்த நுண்மண் 20 சதவீதம் நீரை உறிஞ்சும் என்றால், பத்து மி.மீ. மழை கல்லில்லாத மண்ணில் ஐந்து செ.மீ. ஆழம்தான் நனைக்கும். கல் 40 சதவீத இடத்தை அடைத்திருக்கும் மண்ணில் அதே மழை எட்டு செ.மீ.க்கு மேல் இறங்கும். மேலோட்டமாக நனைந்த ஈரத்தை வெயில் அன்றே குடித்துவிடும், எட்டு செ.மீ.க்கு இறங்கியது வேருக்குக் கிடைக்கும். இதைச் சொன்னபோது பெரியவர் வியப்படையவில்லை. "அப்படித்தான் இருக்கும்" என்றார்.

பெயரிடுவதற்கு 1975இல் அமெரிக்க வேளாண் துறை வெளியிட்ட வகைப்பாட்டு முறையைப் பின்பற்றினேன். நாக்பூரில் உள்ள தேசிய மண் அளவை மற்றும் நிலப் பயன்பாட்டுத் திட்டமிடல் நிறுவனமும் நம் நாட்டு மண்களுக்கு இதையே பயன்படுத்துகிறது. மேல்சரிவு மண்ணில் அடுக்கு எதுவும் உருவாகவில்லை. மேலே மெல்லிய பழுப்பு, கீழே அதே மண் இன்னும் கூடுதல் கல்லோடு, அதற்கடியில் பாறை. களி இறங்கிப் படிந்த அடையாளமும் இல்லை, நிறம் சிவந்த அடையாளமும் இல்லை. ஆகவே அது என்டிசால் வரிசை, அதாவது அடுக்கு உருவாகாத இளம் மண்களின் பிரிவு. வரிசை என்பது இந்த முறையில் மிகப் பெரிய பிரிவு. கெட்டிப்பாறை 50 செ.மீ.க்குள் இருப்பதால் 'லித்திக்' என்ற முன்னொட்டு சேர்கிறது. ஆண்டில் பெரும்பகுதி வறண்டு, மழைக்காலத்தில் ஈரம் காணும் நிலம் என்பதால் 'உஸ்ட்' என்ற அசை சேர்கிறது. லித்திக் உஸ்டார்தென்ட்ஸ். இதற்குக் கீழே குடும்பப் பெயர் என்று ஒரு படி உண்டு; சரளை மண்ணுக்கு உயிரே அங்கேதான் இருக்கிறது. கல் 35 சதவீதத்தைத் தொட்டால் 'ஸ்கெலிட்டல்', அதாவது எலும்புக்கூட்டு மண். எந்த ஆழத்தில் அதை அளப்பது என்பதற்கும் விதி இருக்கிறது. பொதுவாக 25 முதல் 100 செ.மீ. வரை, பாறை 36 செ.மீ.க்குள்ளேயே வந்துவிட்டால் தரைமட்டத்திலிருந்து பாறை வரை முழுவதும். எங்கள் குழி இரண்டாவது வகை.

அடிச்சரிவு வேறு உலகம். ஒரு மீட்டர் தோண்டியும் பாறை தட்டவில்லை. சரளையும் 20 சதவீதத்தைத் தாண்டவில்லை. மேலடுக்கில் களி 16 சதவீதம், கீழடுக்கில் 27. மேலே 15 முதல் 40 சதவீதம் களி உள்ள மண்ணில், கீழே 1.2 மடங்கு கூடியிருந்தால் களிச்சேர்க்கை அடுக்கு என்று கொள்ளலாம். ஆனால் களி மேலிருந்து நகர்ந்து வந்ததற்கும் சான்று வேண்டும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்சில் பார்த்தபோது மண்கட்டிகளின் முகத்திலும் சரளைக் கற்களின் மேலும் மெழுகு பூசியது போன்ற படலம் தெரிந்தது. நிறத்தை ஈரத்திலும் உலர்விலும் தனித்தனியே மன்செல் நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். அட்டை இரவல் வாங்கியது. அதன் விலையைக் கேட்டால் யாரும் இரவல்தான் வாங்குவார்கள். ஈரத்தில் 2.5 ஒய்.ஆர். 3/4, உலர்வில் 4/4 (சாயல், வெளிர்மை, செறிவு என்ற வரிசையில் எழுதும் நிறக் குறியீடு). காரங்களின் நிறைவும், அதாவது மண் பிடித்து வைத்திருப்பதில் கால்சியம், மக்னீசியம் போன்றவற்றின் பங்கும், 35 சதவீதத்துக்கு மேலே நன்றாகவே இருந்தது. களிச்சேர்க்கை அடுக்கும் கார நிறைவும் உள்ள ஆல்ஃபிசால் வரிசையில், அடர் செம்மைக்கு உரிய ரோடஸ்டால்ஃப்ஸ் என்று முடிந்தது. கூப்பிடு தூரத்தில் இரண்டு வரிசைகள். ஆனால் நிலப்பதிவேட்டில் இரண்டுமே ஒரே புல எண்ணில் 'தரிசு, மேய்ச்சல்'.

இதற்கிடையில் குழுவில் சில இளைஞர்கள், நூறு நாள் வேலையில் ஆளைப் போட்டு மேல்சரிவுக் கல்லை எல்லாம் பொறுக்கிவிட்டால் நிலம் சுத்தமாகிவிடுமே என்று ஆர்வத்தோடு கேட்டார்கள். வேண்டவே வேண்டாம் என்று கடுமையாகச் சொன்னேன். தரைமேல் தளர்ந்து கிடக்கும் கல், மழைத்துளியின் அடியைத் தான் வாங்கிக்கொள்கிறது, அதன் அடியில் மண்வாய் மூடாமல் நீர் இறங்குகிறது, ஆவியாவதும் குறைகிறது. கால்நடை மிதித்து மிதித்து மண்ணுக்குள் இறுக்கமாகப் பதிந்துவிட்ட கல் இதற்கு நேர்மாறு. அது தளம் போட்டதுபோல் நீரை வழிய விட்டுவிடும். ஆகவே கவலைப்பட வேண்டியது கல்லைப் பற்றி அல்ல, ஈர மண்ணில் மாடுகள் ஏறுவதைப் பற்றி.

அறிக்கையில் மேல்சரிவை நிலத்திறன் ஏழாம் வகுப்பு என்று எழுதினேன். மேய்ச்சலுக்கும் மரத்துக்கும் மட்டுமே, அதுவும் கட்டுப்பாட்டோடு என்பது இதன் பொருள். அங்கே விதைப்பும் உழவும் வேண்டாம். இருக்கும் ஊசிப்புல்லும் உசிலும் போதும். மழை தொடங்கிய பின் புல் பூக்கும் வரை மாடு ஏற்றக் கூடாது. கொழுக்கட்டைப்புல் விதை அடிச்சரிவில் மட்டும். கரிம இருப்புக்கான கட்டத்தில் மேல்சரிவுக்கு 23 டன் என்று எழுதி, கல்லைக் கழித்த கணக்கைத் தனித்தாளில் இணைத்தேன். குழுத் தலைவர் அந்த எண்ணைப் பார்த்துச் சற்று முகம் சுளித்தார். பக்கத்து ஊர்க்காரர்கள் ஐம்பதுக்கு மேல் காட்டியிருக்கிறார்களாம். அவர்கள் கல்லைக் கழித்தார்களா என்று கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன். விதைப் பரப்பு பாதிக்கும் கீழே குறைந்ததால் கேட்ட தொகையையும் குறைத்து எழுத வேண்டியதாயிற்று. மிச்சமான விதைச் செலவில் அடிச்சரிவைச் சுற்றி வேலி போடலாம் என்ற யோசனை கிடைக்காரருடையது. வாயில் எந்தப் பக்கம் வைப்பது என்பதில்தான் இப்போது ஊருக்குள் பேச்சு நடக்கிறது.