துலாக் காலமும் மோட்டர் காலமும்

ஆடி 6

அந்தக் காலம்தான் நல்ல காலம் என்பவர்கள் துலாக் கிணற்றைக் காட்டுவார்கள். அதையே எடுத்துப் பார்க்கலாம். இரண்டு ஆடுகால் (தாங்கும் தூண்கள்), குறுக்கே அச்சுலக்கை, அதன்மேல் ஏறி இறங்கும் நீண்ட மரமான துலா. ஒருவர் துலா மிதிக்க, ஒருவர் தண்ணி அள்ளும் பட்டையைப் பிடித்துக் கவிழ்க்க, மூன்றாமவர் பாத்திக்குப் பாத்தி தண்ணியைத் திருப்பிவிட வேண்டும். பட்டைக்கு 20 லீற்றர், நிமிடத்துக்கு மூன்று பட்டை என்று வைத்தாலும் மணித்தியாலத்துக்கு 3,600 லீற்றர்தான். மிதிக்கிறவருக்குக் கால் வழுக்கினால் கிணறுதான்.

ஆடி 9

ஆனால் ஆள் களைத்ததால் கிணறு தப்பியது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு கிடையாது. மாரிமழை சுண்ணாம்புக்கல் வெடிப்புகளால் இறங்கி உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் நிற்கும். மேலே ஓரடி இறங்கினால் கீழே அந்த 40 அடியும் போய்விடும். ஆழத்துக்குப் பெயர்போன நிலாவரைக் கிணற்றிலேயே மேல்தண்ணி நன்னீர், ஆழத்தில் உப்பு.

மோட்டருக்குக் களைப்பு ஏது? விடாமல் இறைத்தால் உப்பு கூம்பாக மேலெழும். வெங்காயத்தாளின் நுனி கருகும். உடனே கிணற்றை ஆழமாக்க ஆள் பிடிப்பார்கள். அது உப்பைக் கிட்டக் கொண்டுவரும் வேலை. கொஞ்சம் இறைத்து, ஊற விட்டு, பொழுதுபட மீண்டும் இறைப்பதே சரி.

ஆடி 14

பழைய தண்ணி சுத்தமானது என்ற கதையை மட்டும் ஏற்க முடியாது. மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணம் வந்தது 1847 இல். வாந்திபேதி (கொலரா) தண்ணியால் பரவுவதை ஆங்கில வைத்தியர் ஜோன் ஸ்நோ லண்டனில் காட்டியதே அதற்கும் பின், 1854 இல்தான். அதற்கு முன்னர் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்குக் கிணற்றில் சந்தேகம் வர வழியே இல்லை.

இன்றைய நஞ்சு வேறு. யூரியாவிலிருந்தும் மலசலகூடக் குழியிலிருந்தும் நைத்திரேற்று என்ற உப்பு கிணற்றுக்கு இறங்குகிறது. குடிதண்ணியில் லீற்றருக்கு 50 மில்லிகிராம்தான் எல்லை. வாந்திபேதிக் கிருமி ஒரு நிமிடம் கொதித்தால் சாகும். நைத்திரேற்று சாகாது, தண்ணி வற்ற வற்றச் செறியும். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க முன் கிணற்றுத் தண்ணியைக் கட்டாயம் சோதிக்க வேண்டும்.

ஆடி 15

அந்தக் காலத்தில் இருந்து எடுக்க வேண்டியது குழை தாழ்த்தல். பூவரசங்குழையை (இலைக்கொப்பை) வெட்டி, நிலத்தில் சால் பிடித்துப் புதைத்து, உக்க விட்டு நடுவார்கள். உக்க முன் நட்டால் கன்று மஞ்சளாகும். கேணியையும் குளத்தையும் மாரிக்கு முன் தூர்வார வேண்டும். சேறு படிந்து கிடந்தால் மழைத்தண்ணி கீழே இறங்காது. ஐப்பசி மழைக்கு இன்னும் மூன்று மாதமே இருக்கிறது.