தாது வருஷப் பஞ்சமும் எங்கள் ஞானஸ்நானப் பதிவேடும்

எங்கள் குடும்பம் கிறிஸ்தவத்துக்கு வந்த கதையை நான் இரண்டு விதமாகக் கேட்டு வளர்ந்தேன். தாத்தாவின் தாத்தா உபதேசியாரின் பிரசங்கத்தில் மனம் திரும்பியவர் என்பது வீட்டு ஜெபத்தில் சொல்லப்பட்ட கதை. தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சிக்காக மதம் மாறியவர்கள் என்பது வெளியே, சில சமயம் கேலியாகவும் சில சமயம் கோபமாகவும், எங்கள் காதில் விழுந்த கதை. தேரிக்காட்டின் ஓரத்தில் இருக்கும் எங்கள் ஊர்ச் சபையின் பழைய பதிவேட்டைப் பார்க்க அனுமதி கேட்டதற்கு இந்த இரண்டாவது கதைதான் காரணம்.

1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தின்போது திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானோர் மிஷன் சபைகளில் பெயர் கொடுத்தார்கள் என்பதும், மிஷனரிகள் நிவாரணம் வழங்கினார்கள் என்பதும் வரலாறு. அதை மறுக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. ஆனால் பெயர் கொடுப்பது வேறு, ஞானஸ்நானம் பெறுவது வேறு. பெயர் கொடுத்தவர்கள் விசுவாசப் பிரமாணமும் கர்த்தருடைய ஜெபமும் பத்துக் கட்டளைகளும் கற்று முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மழை பெய்து பனையிலும் வயலிலும் வேலை திரும்பியதும் பழைய வழிபாட்டுக்கே போனவர்களும் உண்டு. எங்கள் தாத்தாவின் தாத்தாவுக்கும் அவர் மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் ஞானஸ்நானம் கொடுக்கப்பட்ட ஆண்டு 1881. கஞ்சித் தொட்டிகள் மூடப்பட்டு மூன்று ஆண்டுகள் ஆன பிறகு, கிடைப்பதற்கு ஒன்றும் இல்லாத நாளில், அந்த மனிதர் ஏன் தங்கினார் என்ற கேள்விக்குப் பசி மட்டும் பதிலாகாது. பசிதான் அவரை அந்த வாசலுக்குக் கொண்டுவந்தது என்றாலும் நான் வெட்கப்படப் போவதில்லை. கெட்ட குமாரனைத் தகப்பன் வீட்டுக்குத் திருப்பியதும் பசிதானே.

பதிவேட்டில் புதிய பெயருக்கு எதிரே பழைய பெயரும் எழுதப்பட்டிருந்தது. புதியது பழைய ஏற்பாட்டிலிருந்து எடுத்தது. பழையது சுடலை மாடனின் பெயர். தகப்பன் பெயர், ஊர், தொழில் பனையேற்று. இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு தேடியபோதுதான், அவருடைய அண்ணன் மதம் மாறவில்லை என்பதும், அந்த வழியினர் அடுத்த ஊரிலேயே இருக்கிறார்கள் என்பதும் தெரியவந்தது. இத்தனை தலைமுறையாக நாங்கள் சொக்காரர்கள், அதாவது பங்காளிகள், என்பதை அவர்கள் மறக்கவில்லை, நாங்கள்தான் மறந்திருந்தோம். அவர்களுக்குப் பதிவேடு எதுவும் இல்லை. பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோயிலில் ஒன்றுகூடும்போது மூத்தவர்கள் வம்ச வரிசையைச் சொல்லி வருவதே அவர்களுடைய பதிவேடு. அந்த வரிசையில், மிஷன் எழுத்தர் எழுதாத மூன்று தலைமுறைப் பெயர்கள் இருந்தன.

என்னைப் பற்றி நான் நினைத்திருந்தது இங்கேதான் மாறியது. எங்கள் வரலாறு 1881இல் தொடங்குகிறது என்றும், அதற்கு முந்தையது இருள் என்றும் கற்பிக்கப்பட்டிருந்தேன். அந்த இருள் என்ற பார்வையில் மிஷனரிகளின் பங்கு பெரிது. இடையன்குடியில் ஊழியம் செய்த கால்டுவெல் 1849இல் பனையேறும் எங்கள் மக்களைத் தாழ்வாகச் சித்திரித்து எழுதிய நூல், எழுதப்பட்டவர்களின் கடுமையான எதிர்ப்பைச் சம்பாதித்தது. நாசரேத்தில் உபதேசியாராக இருந்த சட்டாம்பிள்ளை 1857இலேயே மிஷனைவிட்டுப் பிரிந்து, வெள்ளையர் தலைமை இல்லாத இந்து கிறிஸ்தவ சபையை உருவாக்கி, சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரித்தார். அவரைப் பிரிவினைக்காரர் என்றே ஞாயிறு பள்ளியில் கேட்டிருக்கிறேன். அவருடைய உபதேசத்தில் இன்றும் எனக்கு உடன்பாடில்லை, ஆனால் வெள்ளையர் தலைமை எதற்கு என்று அவர் கேட்ட கேள்வி நியாயமானது என்று இப்போது நினைக்கிறேன்.

என் விசுவாசம் இந்தத் தேடலால் குறையவில்லை. சாஸ்தாவை நான் வணங்கப் போவதுமில்லை. ஆனாலும் பங்குனி உத்திரத்துக்கு அவர்கள் அழைத்தபோது, படைத்த சோற்றை உண்ணலாமா என்று 1 கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். போனேன், சாமி கும்பிடும்வரை வெளியே நின்றேன், பந்தியில் உட்கார்ந்தேன். என் சபையில் சிலர் இதை ஏற்கவில்லை. எங்கள் ஆலயத்து அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு, நான் அழைத்தபோதோ, அண்ணன் வழிப் பெரியப்பா எந்த வேதத்தையும் புரட்டிப் பார்க்காமல், பேரப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து சாப்பிட்டுவிட்டு, தாத்தாவின் தாத்தா பெயரை எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள் என்று காட்டச் சொன்னார்.