ரூபன் சாண்ட்விச்சைச் சுருட்டி ஓவனில் பேக் செய்தால்

நியூயார்க் டெலிக்களில் (சாண்ட்விச் கடைகளில்) கிடைக்கும் ரூபனில் கார்ன்டு பீஃப் (உப்பு நீரில் ஊறிய மாட்டிறைச்சி), ஸ்விஸ் சீஸ், சார்க்ராட், ரஷ்யன் டிரஸ்ஸிங் (மயோனைஸ், கெட்சப் கலந்த சாஸ்), ரை என்ற தானியத்தில் செய்த ரை பிரெட், அவ்வளவுதான். விருந்துக்கு ரை பிரெட்டை விட்டுவிட்டு பஃப் பேஸ்ட்ரி (பஃப்ஸ் செய்யும் மாவு ஷீட்) எடுங்கள்.

சொதப்புவது பெரும்பாலும் சார்க்ராட், அதாவது புளித்த முட்டைக்கோஸ். அரை கப்பைத் துணியில் கட்டி, சொட்டு நிற்கும்வரை பிழியுங்கள். ஈரம் தங்கினால் அடிப்பக்கம் வேகாமல் சவசவத்துப்போகும்.

250 கிராம் ஷீட்டில் டிரஸ்ஸிங் 2 மேசைக்கரண்டி தடவி, இறைச்சி 150 கிராம், சீஸ் 100 கிராம், சார்க்ராட் பரப்பிச் சுருட்டுங்கள். ஓரத்தில் 2 செ.மீ. காலியாக இருக்கட்டும், இல்லையேல் சீஸ் வழிந்து கருகும். ஃப்ரீசரில் 20 நிமிடம். இறுகாமல் வெட்டினால் நசுங்கும். 1.5 செ.மீ. வில்லைகளாக்கி, முட்டை பூசி, கேரவே விதை தூவுங்கள். பார்க்கச் சீரகம் மாதிரிதான், மணம் வேறு. ரை பிரெட்டை நினைவூட்டுவது அதுதான். 200 டிகிரி செல்சியஸில் 18-20 நிமிடம், அடியும் பொன்னிறமாகும்வரை.