ஊரைப் படிக்க எங்கே தொடங்குவது?

நிலம் யார் கையில், உழைப்பு யாருடையது, முடிவெடுப்பது யார்? இவை எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று ஊருக்குள்ளேயே போய்க் கண்டறிவதுதான் ஊரகச் சமூகவியலின் உயிர். 1916இல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் சிலேட்டர் சென்னைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு இருவேல்பட்டு உள்ளிட்ட சில ஊர்களை ஆராய்ந்தார். பிற்காலத்தவர் அதே ஊர்களுக்குத் திரும்பப் போனதால்தான் மாற்றத்தை அளக்க முடிந்தது.

களத்தில் முதல் வேலை, தெருத்தெருவாக நடந்து வரைபடம் போடுவது. ஊர்த்தெரு, தலித் குடியிருப்பு, கிணறு, ரேஷன் கடை, சுடுகாடு எல்லாம் அதில் வரவேண்டும். அடுத்து வீட்டுப் பட்டியல். கேள்வித்தாள் அதற்குப் பிறகே.

பெரும்பாலும் பிசகுவது நிலக் கணக்கில். பட்டா இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கும். வாய்மொழிக் குத்தகை பதிவேட்டில் ஏறாது. ஆகவே "எத்தனை ஏக்கர்?" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். சொந்தம், குத்தகைக்கு எடுத்தது, விட்டது, இந்தப் போகம் பயிரிட்டது என நான்காகப் பிரித்துக் கேளுங்கள். கூலியை ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக, வேலைவாரியாக எழுதுங்கள். நெல்லாகக் கொடுத்தால் எத்தனை மரக்கால் என்றும் குறியுங்கள். திருப்பூருக்கு வேலைக்குப் போன பிள்ளையை விட்டுவிட்டால் அந்த வீட்டின் வருமானக் கணக்கே பொய்யாகிவிடும்.

கூட்டத்தைக் கோயில் மண்டபத்தில் வைப்பது பெருந்தவறு. அங்கே வர முடியாதவர்களின் குரல் ஆய்விலும் இல்லாமல் போகும். அவர்கள் தெருவுக்கே போங்கள். பெண்களிடம், வேலை முடிந்து அவர்கள் ஓய்ந்திருக்கும் நேரத்தில், தனியாக உட்கார்ந்து பேசுங்கள்.