எஸ்லிங்கன் இடைக்காலச் சந்தை: ஸ்டுட்கார்ட்டில் படிப்பவர்களுக்கு

ஸ்டுட்கார்ட்டில் படிக்க வருகிறவர்கள் முதல் டிசம்பரில் நகரின் பெரிய கிறிஸ்துமஸ் சந்தையைச் சுற்றிவிட்டு அத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒரே ஒரு மாலைப்பொழுதுதான் ஒதுக்க முடியும் என்றால் எஸ் 1 ரயிலேறி, பக்கத்து ஊரான எஸ்லிங்கனின் இடைக்காலச் சந்தைக்குப் போங்கள். கிட்டத்தட்ட இருபது நிமிடப் பயணம். ஸ்டேஷனிலிருந்து பழைய நகருக்குப் பத்து நிமிட நடை. டாய்ச்லாண்ட் டிக்கெட் (உள்ளூர் ரயில், பஸ்ஸுக்கான மாதப் பாஸ்) இருந்தால் தனிச் சீட்டு வேண்டாம், சந்தைக்கு நுழைவுக் கட்டணமும் இல்லை. நவம்பர் கடைசி வாரம் தொடங்கும் சந்தை கிறிஸ்துமஸுக்கு முன்பே முடிந்துவிடும். லீவு விட்ட பிறகு போகலாம் என்று தள்ளிப்போட்டால் காலி சதுக்கத்தைத்தான் பார்ப்பீர்கள்.

அங்கே இரண்டு சந்தைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்று வழக்கமான கிறிஸ்துமஸ் கடைகள். இன்னொன்றான இடைக்காலக் கடைகள் இருப்பது பழைய நகர்மன்றம், ஹாஃபன்மார்க்ட் சதுக்கம் பக்கம். செட் போடும் வேலையே இல்லை. ஹாஃபன்மார்க்டில் வரிசையாக நிற்கும் மரச்சட்ட வீடுகள் 1330 வாக்கில் கட்டியவை. கடைக்காரர்கள் விலையைத் ‘தாலர்’ என்ற பழைய நாணயக் கணக்கில் சொல்வார்கள். ஐந்து தாலர் என்றால் ஐந்து யூரோ, அவ்வளவுதான். கார்டு எல்லாக் கடையிலும் ஓடாது. 5, 10 யூரோ நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள். கொலம்பஸுக்கு முன் ஐரோப்பா கண்டிராத உருளைக்கிழங்கையும் இடைக்கால உணவென்று விற்பார்கள், கண்டுகொள்ளாதீர்கள்.

வார நாளில் மதியம் மூன்று மணிக்குப் போவதுதான் சரி. நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும், தீப்பந்த வெளிச்சமும் கிடைக்கும். சனிக்கிழமை மாலை போனால் முன்னால் நிற்பவரின் முதுகுதான் தெரியும், கைவினைஞர் கை தெரியாது. இந்தச் சந்தையில் பார்க்கவேண்டியதே அந்தக் கைதான்.

உதாரணத்துக்கு மெழுகுவத்தி. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும். பாத்திரத்தில் அதைவிடக் கொஞ்சம் கூடுதல் சூட்டில் வைத்திருப்பார்கள். பருத்தித் திரியை முதல் முறை மட்டும் சற்று நேரம் முக்கி, உள்ளே இருக்கும் காற்று குமிழியிட்டு வெளியேறியதும் எடுத்து, நேராக இழுத்து ஆறவிட வேண்டும். அப்புறம் ஒவ்வொரு முக்கலும் ஓரிரு நொடிதான். அவசரப்பட்டு ஆறுமுன் முக்கினாலோ, உள்ளேயே வைத்திருந்தாலோ, ஏறிய மெழுகு திரும்பக் கரைந்து பாத்திரத்துக்கே போய்விடும். மெழுகின் சூடு குறைந்திருந்தால் மேலெல்லாம் முண்டு முண்டாக நிற்கும். முருங்கைக்காய்ப் பருமன் வர இருபது முப்பது முறையாவது முக்கவேண்டும். நீங்களே செய்து பார்க்கும் கடையென்றால் அரைமணி நேரம் ஒதுக்குங்கள்.

கொல்லர் உலைப் பக்கம் போகும்போது நைலான் பஃபர் ஜாக்கெட்டோடு நெருங்காதீர்கள். ஒரு பொறி பட்டால் போதும், ஓட்டை விழுந்து உள்ளிருக்கும் இறகு வெளியே வரும். கம்பளி கோட்டில் பொறி சட்டென்று அணைந்துவிடும். காலுக்குத் தடித்த அடி உள்ள ஷூ முக்கியம். கல் பாவிய தெரு, நடக்கும்போது தெரியாது. நின்று வேடிக்கை பார்த்தால் பத்து நிமிடத்தில் குளிர் பாதத்தில் ஏறும்.

சூடான பானம் வாங்கினால் குவளைக்கும் சேர்த்து முன்பணம் பிடிப்பார்கள், அதற்குப் பெயர் ஃபாண்ட். டோக்கன் கொடுத்தால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். குவளையை மட்டும் நீட்டினால் பணம் திரும்ப வராது. ‘மெட்’ என்பது தேன் மது, இனிப்பில் போதை தெரியாது. மது வேண்டாதவர்கள் ‘கிண்டர்புன்ஷ்’ (மது இல்லாத சூடான பழபானம்) என்று கேளுங்கள். சைவக்காரர்கள் ஃப்ளாம்குஹன் (பீட்சா போன்ற மெல்லிய ரொட்டி), ஷுப்ஃப்நூடெல்ன் (விரல் வடிவ உருளைக்கிழங்கு நூடுல்ஸ்) இரண்டிலும் ஏமாறலாம்: பார்த்தால் காய்கறி போலத்தான் இருக்கும், பொடியாக நறுக்கிய பன்றி இறைச்சி கலந்திருக்கும். ‘ஓனே ஷ்பெக்’ (பன்றி இறைச்சி இல்லாமல்) என்று சொல்லியே வாங்குங்கள். சீஸ் நூடுல்ஸான கேஸ்ஷ்பெட்ஸ்லவில் இறைச்சி இல்லாவிட்டாலும் முட்டை உண்டு.

மாட்டுக்கொம்புக் கோப்பை பார்க்க அழகு, ஆனால் அதில் காபி ஊற்றக்கூடாது. சூட்டில் கொம்பு இளகி நாற்றமடிக்கும். உள்ளே மெழுகு பூசியிருந்தால் அதுவும் உருகும். வெதுவெதுப்பான தண்ணீரில் கையால்தான் கழுவவேண்டும்.

கொல்லர் கடையில் கத்தி வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். 2024 அக்டோபர் கடைசியிலிருந்து ஜெர்மனியில் சந்தை, திருவிழாக்களில் கத்தி வைத்திருக்கத் தடை, சின்னப் பேனாக்கத்தி உட்பட. வாங்கியதைக் கடைக்காரரிடமே நன்றாகப் பொதிந்து ஒட்டித் தரச் சொல்லி, பையின் அடியில் போட்டு, வீடு போய்ச் சேரும்வரை பிரிக்காதீர்கள்.