தோட்டத்துக் குரங்குகளின் நடத்தையைக் கணக்கெடுப்பது எப்படி

"குரங்கு நாள் முழுக்கக் குப்பைத் தொட்டியிலதான் கிடக்கு." மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். அவர்கள் பார்த்ததும் உண்மைதான். ஆனால் தொட்டியைக் கவிழ்க்கிற நான்கு குரங்கு கண்ணில் படும். பின்னால் தூங்குமூஞ்சி மரத்தில் சாய்ந்து கிடக்கிற பதினைந்து படாது. கண்ணில் பட்டதை மட்டும் எழுதி வைத்தால், ஒரு விலங்கு எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறது என்று சொல்லவே முடியாது. எந்தக் கேள்விக்கு எப்படிப் பதிவெடுக்க வேண்டும் என்பதை விலங்கு நடத்தை ஆய்வாளர் ஜீன் ஆல்ட்மன் 1974-இல் ஒரு கட்டுரையில் வகைப்படுத்தினார். இன்றும் களத்துக்குப் போகிறவர்கள் அந்த வழியில்தான் வேலை செய்கிறார்கள்.

முதலில் நடத்தைப் பட்டியல். எட்டிலிருந்து பன்னிரண்டு வகை போதும். ஒரு நொடியில் ஒரு குரங்கு ஒரே வகையில்தான் விழ வேண்டும். "கோபம்", "குறும்பு" போன்ற சொற்களைப் பட்டியலில் சேர்க்கவே கூடாது. உடம்பு செய்வதை எழுதுங்கள். நீண்டவால் குரங்கு வாயைத் திறந்து, புருவத்தை உயர்த்தி முறைத்தால் அது மிரட்டல். சத்தமில்லாமல் உதட்டை இழுத்துப் பல்லைக் காட்டினால், பெரும்பாலும் எதிரே இருப்பதற்குப் பணிந்து போகிறது என்று பொருள். அதைச் சிரிப்பு என்று எழுதிவிட்டால் அந்த நாள் பதிவு முழுக்கக் கெட்டது. "மறைந்துவிட்டது" என்று ஒரு வகையும் கட்டாயம் வேண்டும். இலை மறைவில் போன நேரத்தைக் கழிக்காமல் வகுத்தால் எல்லா விழுக்காடும் தப்பாகிவிடும்.

பிறகு, கூட்டம் முழுவதையும் ஒரு சுற்றுப் பார்ப்பது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கைப்பேசி அதிர்ந்ததும் இடமிருந்து வலமாகக் கண்ணை ஓட்டி, ஒவ்வொன்றும் அந்தக் கணத்தில் என்ன செய்கிறதோ அதை மட்டும் குறிக்க வேண்டும். அடுத்து என்ன செய்யப் போகிறது என்று காத்திருக்கக் கூடாது. ஒரு சுற்று இரண்டு நிமிடத்துக்குள் முடியட்டும். சத்தம் போடும் குரங்கு கண்ணை இழுக்கும். அங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். நேரத்தையும் பரவலாக எடுங்கள். காலை ஏழிலிருந்து மாலை ஆறு வரை, குப்பை லோரி வரும் நாளும் வராத நாளும், கோயிலில் தேங்காய் உடைக்கும் வெள்ளிக்கிழமையும் சாதாரண புதன்கிழமையும் சேர வேண்டும்.

இரண்டு பேர் பதிவெடுத்தால் ஒத்துப்போகிறதா என்று சோதியுங்கள். 100 பதிவில் 86 ஒத்தது என்றால் பிரமாதம்போலத் தெரியும். இருவருமே 70 தடவை "ஓய்வு", 30 தடவை "மற்றவை" என்று எழுதியிருந்தால், கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே 58 ஒத்துப்போகும் (0.7 × 0.7 + 0.3 × 0.3). அந்த 58-ஐ 86-இலிருந்தும் 100-இலிருந்தும் கழித்தால், தற்செயல் நீங்கிய ஒப்புமையைக் காட்டும் கப்பா மதிப்பு 28-ஐ 42-ஆல் வகுத்தது, ஏறக்குறைய 0.67. அது போதாது. எந்த வகையில் இடிக்கிறது என்று பார்த்து, அந்த வரையறையைத் திருத்திவிட்டு மறுபடி எடுங்கள்.

இன்னொன்று: ஒரே கூட்டத்தில் 300 சுற்று எடுத்தாலும் அது ஒரு கூட்டம்தான். அதை வைத்து மாநிலத்துக் குரங்குகளைப் பற்றியெல்லாம் பேசக் கூடாது.

குரங்கு அடுத்து என்ன செய்யும் என்று கணிக்கும் கணித மாதிரி கட்ட வேண்டுமானால் கூட்டச் சுற்று உதவாது; ஒரே குரங்கை விடாமல் பின்தொடர வேண்டும். காது வெட்டு, வால் முறிவு, தழும்பு இவற்றை வைத்து ஆளைப் பிரித்தறிந்து, சீட்டுக் குலுக்கி ஒன்றை எடுங்கள். இல்லாவிட்டால் கை தானாகப் பெரிய ஆண் குரங்கிடமே போய் நிற்கும். நிமிடத்துக்கு ஒரு குறி. "தின்கிறது" என்று குறித்த 100 நிமிடங்களுக்கு அடுத்த நிமிடம் எதுவாக இருந்தது என்று எண்ணுங்கள்: தின்பது 60, நடப்பது 30, ஓய்வு 10 என்று வைத்துக்கொள்வோம். எல்லா வகைக்கும் இப்படி எண்ணினால் மார்க்கோவ் மாதிரி கிடைத்துவிடும். அடுத்த நிமிடம் இப்போதைய நிலையை மட்டுமே பொறுத்தது என்பது அதன் அனுமானம்.

அந்த அனுமானம் எங்கே உடைகிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 0.6 என்றால் ஒரு தடவை தின்பது சராசரி 2.5 நிமிடம். ஒரு நிமிடத்தைத் தாண்டுவது 60 விழுக்காடு, இரண்டைத் தாண்டுவது 36, மூன்று 22, நான்கு 13 என்று ஒரே சீராகத் தேய வேண்டும். நோட்டில் அப்படி இல்லாமல், பாதி ஒரே நிமிடத்தில் முடிந்து, ஒரு சில மட்டும் இருபது நிமிடம் நீண்டிருந்தால், "தின்கிறது" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு நடத்தை ஒளிந்திருக்கலாம்: தொட்டியில் பிடுங்கிக்கொண்டு ஓடுவது ஒன்று, அத்திமரத்தில் உட்கார்ந்து தின்பது இன்னொன்று. வகையை இரண்டாகப் பிரித்து எண்ணுங்கள். பதிவில் பாதியைத் தனியே வைத்து, மாதிரி காணாத அந்தப் பாதியில் சோதியுங்கள்.

பேரா மாநிலம் செகாரிப் பக்கத்துச் செம்பனையில் பெரோக் எனும் பன்றிவால் குரங்குக் கூட்டங்களை இப்படி விடாமல் பின்தொடர்ந்த ஆய்வு 2019-இல் வெளிவந்தது. பழம் திருடுகிறது என்று விரட்டப்பட்ட குரங்கு, வெட்டிய மட்டையின் அடியைப் பிய்த்து, பகலில் அங்கே பதுங்கும் எலியைப் பிடித்துத் தின்றது. ஏறத்தாழ 44 குரங்குள்ள ஒரு கூட்டம் ஆண்டுக்கு 3,000-க்கும் மேற்பட்ட எலிகளைத் தின்னும் என்று கணக்கிட்டார்கள். செம்பனைக் காட்டில் உட்காரப் போகிறவர்கள் பட்டியலில் "மட்டையடி பிய்த்தல்" என்று ஒரு வரி தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.