பாட்டனாரின் தகப்பனார் பெயருக்காக மூன்று நடை

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் எடுத்த வம்சாவளி, பாட்டனாரோடு முட்டிக்கொண்டு நின்றது. மேலே ஏற பழைய கிரயப் பத்திரங்களை நம்பினேன். "இன்னார் குமாரர் இன்னார்" என்று தகப்பன் பெயர் சேர்த்துத்தானே எழுதுவார்கள்.

முதல் நடை வீண். இணையத்தில் ஈசி (வில்லங்கச் சான்று) ஒரு குறிப்பிட்ட ஆண்டிலிருந்துதான் வரும். அதற்கு முந்தையதற்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். எங்கள் கிராமத்துக்கு இன்று உரிய அலுவலகத்துக்குப் போனேன். அது பிற்காலத்தில் பிரித்தது. பழைய வால்யூம்கள் தாய் அலுவலகத்திலேயே இருக்கின்றன. கிளம்புமுன் இதை விசாரித்துவிடுங்கள்.

இரண்டாவது நடையும் அப்படியே. நான் கொண்டுபோனது இப்போதைய பட்டாவில் உள்ள சர்வே எண். அந்தக் காலப் பத்திரத்தில் இருப்பது பழைய எண். கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம நிலங்களின் பட்டியலான 'அ' பதிவேட்டைப் பார்த்திருந்தால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடைத்திருக்கும்.

மூன்றாவது முறை, "சொத்து உங்க பேர்ல இல்லையே, எப்படித் தர்றது?" என்றார் எழுத்தர். இன்னும் ஆறவில்லை. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் 57-ஆவது பிரிவின்படி, சொத்துப் பத்திரங்கள் பதிவாகும் 1-ஆம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் செலுத்தி யாரும் பார்க்கலாம், நகலும் வாங்கலாம். உயில் பதிவாகும் 3-ஆம் புத்தகத்திலும், எழுதியவர் காலமான பிறகு யார் கேட்டாலும் நகல் உண்டு. பிரிவு எண்ணை மனுவிலேயே எழுதிக் கொடுத்தேன், வேலை நடந்தது.

சொத்தை வைத்துத் தேடாதீர்கள். ஆள்பெயர் அட்டவணையான இன்டெக்ஸ் 1-ஐக் கேளுங்கள். இராமசாமியை 'இ'-யிலும் பாருங்கள், 'ரா'-விலும் பாருங்கள். பேரனுக்குப் பாட்டன் பெயர் வைக்கும் வழக்கத்தால் ஒரே பெயரில் இருவர் வருவார்கள். தகப்பன் பெயர் ஒத்துப்போனால்தான் குறித்துக்கொள்ள வேண்டும்.

எதையாவது ஒன்றைத்தான் நகல் எடுக்க முடியுமென்றால் பாகப்பிரிவினைப் பத்திரத்தை எடுங்கள். அண்ணன் தம்பி அத்தனை பேரும், மைனர் பிள்ளைகளும், கார்டியனாக நின்ற தாயாரும் அதில் இருப்பார்கள். பெண்மக்கள் பெயருக்கு, சொத்தில் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரம்.

தேதியில் கவனம். 'விரோதி வருஷம்' என்று மட்டும் இருந்தால் அது 1889-ஆகவும் இருக்கலாம், 1949-ஆகவும் இருக்கலாம். பசலி (ஜூலையில் தொடங்கும் வருவாய்த்துறை ஆண்டு) இருந்தால் 590 கூட்டுங்கள்: பசலி 1310 என்றால் 1900 ஜூலை முதல் 1901 ஜூன் வரை. தமிழ் எண்ணில் எட்டு 'அ' போலவே தெரியும். அவசரத்தில் எழுத்தென்று தாண்டிவிடுவோம்.

பாட்டனாரின் தகப்பனார் பெயர் கிடைத்துவிட்டது. சாட்சிக் கையெழுத்தில் அவருடைய மைத்துனர் பெயரும் இருக்கிறது. அடுத்த மனு அந்தப் பெயருக்கு.